லினன் சட்டை ஏன் உடம்போடு ஒட்டுவதில்லை

நம் மொரீஷியஸில் கோடை உச்சமான ஜனவரி மாதம் பகல் இரண்டு மணிக்குப் போர்ட் லூயிஸில் பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கு இது தெரியும். வெயில்கூடப் பரவாயில்லை, முதுகோடு ஒட்டிக்கொள்கிற சட்டைதான் தாங்காது. நான் ரோஸ் ஹில்லில் தையல் வேலை செய்கிறேன். கோடைக்காலம் முழுக்க அந்தச் சட்டைகள்தான் என் கைக்கு வருகின்றன. கக்கத்தில் உப்புக் கோடு, காலரின் உள்பக்கம் மஞ்சள் கறை, முதுகில் நைந்த துணி. கொண்டுவருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "இன்னும் மெல்லிசா ஏதாவது தைச்சுக் குடுங்க."

மெல்லிசு என்றால் குளிர்ச்சி என்று நம் எல்லோருக்கும் ஒரு எண்ணம் இருக்கிறது. அது பாதிதான் சரி. மெல்லிய பாலியெஸ்டர் சட்டைக்குள் வேர்த்து வழிகிற மனிதர், அதைவிடக் கனமான லினன் சட்டை போட்டால் நிம்மதியாக இருப்பார். இதை வாடிக்கையாளர்களிடம் சொன்னால் முதலில் யாரும் நம்புவதில்லை. துணியின் கனத்தைவிட, வியர்வையை அது என்ன செய்கிறது என்பதுதான் முக்கியம். அதைப் புரிந்துகொண்டால் லினன் பற்றிய மற்ற எல்லாமே தானாகப் புரிந்துவிடும்.

முதலில் லினன் என்றால் என்ன என்று பார்ப்போம். உடம்புக்கு நல்லது என்று சொல்லி ஆளி விதையை இப்போது பலரும் பொடி செய்து சாப்பிடுகிறார்கள் அல்லவா? அந்த ஆளிச் செடியின் தண்டிலிருந்து எடுக்கிற நார்தான் லினன். விதைக்கு வளர்க்கிற வகை குட்டையாக, கிளை விட்டு இருக்கும். நாருக்கு வளர்க்கிற வகை கிளை இல்லாமல் ஒரு மீட்டர் உயரத்துக்கு நேராக நிற்கும். செடி ஒன்றுதான்.

நம் தீவில் எல்லோரும் பேசுகிற கிரியோல் மொழியிலேயே இந்தச் செடி ஒளிந்திருக்கிறது. துணிமணிக்கு நாம் 'லேன்ஸ்' என்கிறோம். அது பிரெஞ்சிலிருந்து வந்த சொல். கடையில் லினன் சட்டையின் லேபிளில் எழுதியிருக்கும் 'லேன்' என்ற சொல்லும் அதற்கு உறவுதான். இரண்டுக்கும் வேர், லத்தீனில் ஆளிச் செடியைக் குறிக்கிற 'லீனும்'. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் உடம்பை ஒட்டிப் போடுகிற துணி என்றாலே லினன்தான். அதனால் செடியின் பெயரே துணிக்கும் பெயராகிவிட்டது. கோட்டின் உள்ளே வைத்துத் தைக்கிறோமே 'லைனிங்', அதுவும் இதே வேரிலிருந்து வந்த சொல்தான். தினமும் பத்துத் தடவை சொல்கிற அந்தச் சொல்லுக்குள் ஒரு செடி இருக்கிறது என்று தெரிந்த நாளில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

தமிழில் சிலர் லினனைச் சணல் என்று எழுதுகிறார்கள். சணல் வேறு செடி. ஆனால் இரண்டும் ஒரே மாதிரி நார்கள்தான், தண்டின் பட்டைக்கு உள்ளே இருப்பவை. பருத்தி அப்படியில்லை. அது விதையைச் சுற்றி வளர்கிற பஞ்சு. நம் தீவில் ஒரு காலத்தில் சர்க்கரை மூட்டைக்குப் பயன்பட்ட 'அலோயெஸ்', அதாவது கற்றாழை நார், இலையிலிருந்து வருவது. வெளிநாட்டில் அதை 'மொரீஷியஸ் ஹெம்ப்' என்றே சொல்வார்கள். பெயரில் ஹெம்ப் இருந்தாலும் அது சணலும் இல்லை, ஆளியும் இல்லை.

ஆளி நமக்குப் பக்கத்தில் எங்கும் விளைவதில்லை. உலகத்தின் நல்ல நீள நாரில் பெரும்பகுதி பிரான்ஸின் நார்மண்டிப் பக்கத்திலும் பெல்ஜியம், நெதர்லாந்து கடலோரத்திலும் விளைகிறது. மார்ச், ஏப்ரலில் விதைத்தால் சுமார் 100 நாளில் செடி தயார். ஜூனில் நீலப் பூ பூக்கும். காலையில் விரிகிற பூ மதியத்துக்குள் உதிர்ந்துவிடும். அங்கே பெய்கிற மழையே போதும் என்பதால் பெரும்பாலும் தண்ணீர் பாய்ச்சுவதில்லை. அறுவடையின்போது செடியை அரிவாளால் வெட்டாமல் வேரோடு பிடுங்குவார்கள். வெட்டினால் நாரின் நீளம் குறைந்துவிடும்.

பிடுங்கிய செடியை வயலிலேயே பரப்பிச் சில வாரம் போட்டு வைப்பார்கள். பனியும் மழையும் வெயிலும் மாறி மாறிப் படும். பூஞ்சையும் பாக்டீரியாவும் தண்டில் புகுந்து, நாரைத் தண்டோடு ஒட்டி வைத்திருக்கிற பசையைத் தின்னும். நாள் குறைந்தால் நார் பிரியாது, கூடினால் நாரே மட்கிப் போகும். எடுக்க வேண்டிய நாளைக் கண்டுபிடிப்பதில்தான் விவசாயியின் திறமை. அதற்குப் பிறகு தண்டை நொறுக்கி, சக்கையைத் தட்டி எடுத்து, சீப்பால் சீவுவது போலச் சீவி நீள நாரைத் தனியாகப் பிரிப்பார்கள். இவ்வளவு வேலை இருப்பதால்தான் லினன் விலை அதிகம். அதிலும் சீவிய நாரில் பெரும்பகுதி நூலாவதற்குச் சீனாவுக்குப் போய், துணியாகவோ சட்டையாகவோ மறுபடி கப்பலேறித்தான் நம்மிடம் வருகிறது.

கோவிலில் பூக்கட்ட உட்கார்ந்தவர்களுக்கு லினனின் ஒரு குணம் ஏற்கெனவே கைக்குத் தெரியும். வாழைநாரைக் காய்ந்தபடியே எடுத்து முடிச்சுப் போட்டால் படக்கென்று ஒடிந்துவிடும். தண்ணீரில் நனைத்து வைத்துக்கொண்டால் எவ்வளவு இழுத்தாலும் தாங்கும். ஆளி நாரும் அப்படித்தான், நனைந்தால் அதன் வலு கூடும். மெல்லிய லினன் நூலை நூற்கும்போது வெந்நீர்த் தொட்டி வழியாக நாரை விட்டு ஈரமாகவே நூற்பதற்கு இதுவும் ஒரு காரணம். அமெரிக்க டாலர் நோட்டின் தாளில் 75 சதவீதம் பருத்தி, 25 சதவீதம் லினன். சட்டைப் பையில் மறந்துபோய் வாஷிங் மெஷினுக்குள் போன டாலர் முழுசாக வெளியே வருவதன் ரகசியம் இந்த நார்களில் இருக்கிறது. வேர்வையில் நனைந்து, அடிக்கடி துவைத்து, மறுபடி நனைகிற சட்டைக்கு இதைவிட நல்ல குணம் எது?

லினனின் ஆயுளுக்குச் சான்று வேண்டும் என்றால் எகிப்தைப் பார்க்கலாம். அங்கே மம்மிகளைச் சுற்றியது லினன் துணியில்தான். தர்க்கான் என்ற இடத்தில் கிடைத்த ஒரு லினன் சட்டை லண்டனில் உள்ள பெட்ரி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்கு வயது 5,000 ஆண்டுக்கு மேல். கழுத்தும் கையும் மடிப்பும் வைத்துத் தைத்தது இன்றும் தெரிகிறது. தையல் வேலை செய்கிற யாருக்கும் அந்தப் படத்தைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

வியர்வைக்கு என்ன ஆகிறது

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

மண்பானைத் தண்ணீர் ஏன் சில்லென்று இருக்கிறது? பானையின் துளைகள் வழியாகத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசிந்து ஆவியாகிறது. ஆவியாவதற்குச் சூடு வேண்டும். அந்தச் சூட்டைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. நம் உடம்பும் அதே வேலையைத்தான் வியர்வையால் செய்கிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் அது கொண்டுபோகிற சூடு கொஞ்சநஞ்சமில்லை. அறை வெப்பநிலையில் இருக்கிற ஏழு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் அளவு சூடு அது.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. வியர்வை ஆவியாக வேண்டும். சொட்டிக் கீழே விழுந்த வியர்வையாலும், துடைத்துப் போட்ட வியர்வையாலும் உடம்புக்குக் குளிர்ச்சி கிடைப்பதில்லை, தண்ணீர்தான் நஷ்டம். நம் தீவின் கடலோரத்தில் கோடையில் காற்றே ஈரமாக இருக்கிறது. ஈரமான காற்றில் வியர்வை சீக்கிரம் ஆவியாகாது. அதனால்தான் வறண்ட ஊர்களில் இதே வெயிலைத் தாங்குகிறவர்கள் இங்கே வந்தால் திணறிப்போகிறார்கள். துணி செய்ய வேண்டிய வேலை என்ன என்பது இப்போது தெரிகிறதா? வியர்வையைத் தோலிலிருந்து எடுக்க வேண்டும், அதைப் பரப்ப வேண்டும், மேலே காற்று ஓட வழிவிட வேண்டும். இந்த மூன்றும் தெரிந்த துணி நமக்கு நல்ல துணி.

லினன் ஈரத்தை எவ்வளவு எடுக்கும்? ஜவுளி வணிகத்தில் எடை பார்ப்பதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 100 கிராம் உலர்ந்த நார், சாதாரணக் காற்றில் வைத்தால் எத்தனை கிராம் ஈரத்தைத் தனக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும் என்பது அது. லினனுக்கு 12 கிராம். பருத்திக்கு 8.5. பாலியெஸ்டருக்கு வெறும் 0.4. அதாவது 200 கிராம் லினன் சட்டை, தொட்டால் ஈரம் என்றே தெரியாமல், சுமார் 24 கிராம் தண்ணீரைத் தனக்குள் வைத்திருக்கும். அதே எடைப் பாலியெஸ்டர் சட்டை ஒரு கிராம்கூட வைத்திருக்காது. பாலியெஸ்டருக்குள் நீராவி நுழைய முடியாததால் அது தோலுக்கும் துணிக்கும் நடுவிலேயே தங்கிவிடுகிறது. அந்தப் புழுக்கம்தான் நமக்குத் தெரிகிறது. இதற்கென்றே சிறப்பாக நெய்த விளையாட்டு உடைகள் வியர்வையை இழையின் மேலாகவே கடத்திவிடும், அவற்றை நான் குறை சொல்லவில்லை. நான் சொல்வது அலுவலகத்துக்குப் போடுகிற சாதாரணப் பாலியெஸ்டர் சட்டையைப் பற்றி.

ஈரத்தை எடுத்தால் மட்டும் போதாது. குளியல் துண்டும்தான் நன்றாக எடுக்கிறது, அதில் சட்டை தைத்துப் போட முடியுமா? எடுத்த ஈரத்தை விடவும் வேண்டும். லினன் நூல் பருத்தி நூலைப் போலப் பஞ்சுபஞ்சாக இருக்காது, வழுவழுவென்று இருக்கும். லினன் துணியையும் கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் பொதுவாக நெய்வார்கள். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பாருங்கள், நெடுக்கு நூலான பாவுக்கும் குறுக்கு நூலான ஊடைக்கும் நடுவே வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரியும். காற்று போவதும் வருவதும் அந்த வழியாகத்தான். அதனால் லினன் சீக்கிரம் காய்ந்துவிடும். கொடியில் போட்டுவிட்டுச் சமையலை முடித்து வருவதற்குள் மெல்லிய லினன் சட்டை காய்ந்திருப்பதை நான் பல நாள் பார்த்திருக்கிறேன்.

இதுவரை சொன்னவை பல கட்டுரைகளில் கிடைக்கும். என் அனுபவத்தில் இவை எல்லாவற்றையும்விடப் பெரியது லினனின் விறைப்பு. ஆளி நார் விறைப்பானது. 'வாயில்' என்கிற மெல்லிய பருத்தித் துணி நனைந்தால் தோலோடு படிந்துவிடும், பட்டு வழுக்கி ஒட்டும். லினனோ தோலின் மேடு பள்ளத்துக்கு வளைந்து கொடுக்காமல் தள்ளியே நிற்கும். முதுகுக்கும் சட்டைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருந்தாலும் நாம் நடக்கும்போது துணி ஆடி, உள்ளேயிருக்கும் ஈரக் காற்றை வெளியே தள்ளி, புதுக் காற்றை உள்ளே இழுக்கும். சட்டையே விசிறியாகிவிடுகிறது. நம்முடைய ஈரக் காற்றில் லினன் உதவுவது முக்கியமாக இதனால்தான்.

அதனால்தான் லினனை உடம்பைப் பிடித்துத் தைக்கச் சொன்னால் நான் ஒத்துக்கொள்வதில்லை. போன வருஷம் ஒரு தம்பி கல்யாணத்துக்கென்று நல்ல லினன் துணி எடுத்து வந்தார். இடுப்பில் ஒட்டித் தைக்கச் சொன்னார். "தம்பி, இதை இறுக்கித் தைச்சா நீங்க குடுத்த காசு வீண்" என்றேன். மார்புச் சுற்றளவுக்கு மேல் 12 சென்டிமீட்டராவது விட்டால்தான் லினன் லினனாக வேலை செய்யும். அவர் யோசித்துவிட்டுச் சரி என்றார். கல்யாணம் முடிந்து இரண்டு வாரத்தில் அதே அளவில் இன்னொரு சட்டைக்குத் துணியோடு வந்து நின்றார்.

கசங்குவது ஏன்

லினனை வேண்டாம் என்கிறவர்கள் சொல்கிற முதல் காரணம் கசங்கல். "காலையில இஸ்திரி போட்டுட்டுப் போனா பஸ் ஏறி இறங்குறதுக்குள்ள கந்தல் மாதிரி ஆயிடுது" என்பார்கள். உண்மைதான். லினன் கசங்கும், எல்லாத் துணியையும்விட அதிகமாகக் கசங்கும்.

காரணம் அதே விறைப்புதான். ஆளி நார் 2, 3 சதவீதம் நீண்டாலே அறுந்துவிடும். பருத்தி அதைவிட இரண்டு மூன்று மடங்கு நீளும். கம்பளி இன்னும் நன்றாக நீண்டு, பழைய நிலைக்கே திரும்பிவிடும். நீளத் தெரியாத நாரை மடித்தால் மடிந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. இதோடு ஈரமும் சூடும் சேர்ந்தால் கசங்கல் இன்னும் ஆழமாகப் பதியும். நாரின் செல்லுலோஸ் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று சேர்த்து வைத்திருக்கிற பிணைப்புகளை ஈரமும் சூடும் தளர்த்திவிடுகின்றன. காயும்போது அந்த நேரத்தில் இருக்கிற வடிவத்திலேயே அவை மறுபடி இறுகுகின்றன. வேர்த்த உடம்போடு பஸ் சீட்டில் உட்கார்ந்தால் மடியிலும் முழங்காலின் பின்பக்கத்திலும் கோடு விழுவது இதனால்தான்.

இஸ்திரியும் இதே கணக்கில்தான் வேலை செய்கிறது என்பதைக் கவனித்தீர்களா? ஈரமும் சூடும் பிணைப்பைத் தளர்த்த, பெட்டியின் எடை துணியைத் தட்டையாக்க, காய்ந்ததும் அப்படியே இறுகிவிடுகிறது. ஆகவே லினனைக் காயவிட்டு அப்புறம் இஸ்திரி போட்டால் பாடுதான் மிச்சம். தொட்டால் இன்னும் சில்லென்று இருக்கும்போதே எடுத்து, பெட்டியின் சூட்டைக் கடைசி வரை ஏற்றித் தேயுங்கள். அந்தக் கடைசிக் குறியில் பெரும்பாலும் லினன் என்றே எழுதியிருக்கும். கறுப்பு, கருநீலம் போன்ற நிறமாக இருந்தால் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுத் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் மேலே பளபளப்புத் தட்டும்.

நானோ என் லினன் சட்டைகளுக்குக் காலரையும் பொத்தான் பட்டியையும் மட்டும்தான் தேய்க்கிறேன். துவைத்ததும் இரண்டு தோளையும் பிடித்து நான்கைந்து தடவை உதறிவிட்டுக் கொடியில் போடுவேன், மற்றதைக் காற்று பார்த்துக்கொள்ளும். மிச்சமிருக்கிற சுருக்கம் அந்தத் துணியின் முகம். கசங்காத லினன் என்று விற்பதில் பெரும்பாலும் பிசின் ஏற்றியிருப்பார்கள், அல்லது பாலியெஸ்டர் கலந்திருக்கும். கசங்கலோடு சேர்த்துக் குளிர்ச்சியையும் கொஞ்சம் எடுத்துவிடுகிற வேலை அது.

எங்கே, எப்போது

தீவு சின்னதுதான், ஆனால் வானிலை ஊருக்கு ஊர் மாறுகிறது. போர்ட் லூயிஸ், ஃபிளிக் அன் ஃபிளாக், மாஹேபூர் மாதிரிக் கடலோர ஊர்களில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை லினன் கைகொடுக்கும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 550 மீட்டர் உயரத்தில் இருக்கிற க்யூர்பிப்பில் கோடையே மிதமானது. ஜூலை, ஆகஸ்ட் சாரலில் அங்கே லினன் மட்டும் போட்டுக்கொண்டு போனால் உடம்பு நடுங்கும். சூட்டைப் பிடித்து வைக்கத் தெரியாத துணி அது. அலுவலகம் முழுக்க ஏசி ஓடுகிற இடம் என்றாலும் இதே கதைதான்.

மேட்டுப்பக்கத்தில் இன்னொரு கவலை பூஞ்சை. க்யூர்பிப், வாக்வா பக்கம் வீடு உள்ளவர்கள் லினன் உடையைக் கொண்டுவரும்போது சில நேரம் கறுப்புப் புள்ளிகளோடு வரும். வயலில் தண்டைத் தின்ற அதே வகை உயிர்கள் அலமாரிக்குள்ளும் வரும், செல்லுலோஸ் அவற்றுக்குச் சாப்பாடு. லினனை முழுக்கக் காய வைத்துத்தான் மடிக்க வேண்டும். பிளாஸ்டிக் உறையில் மூடி வைக்கவே கூடாது. கஞ்சி போட்டு மாதக் கணக்கில் அடுக்கி வைப்பதும் பூஞ்சைக்கு விருந்து வைப்பதுதான்.

தைப்பூசக் காவடிக்கு லினன் தைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வெயிலில் நடந்து போவதற்கு நல்லதுதானே என்ற நினைப்பு. வேண்டாம் என்றே சொல்வேன். அன்றைக்குப் பாலும் மஞ்சளும் தண்ணீருமாக உடை எப்படியும் நனையும், அதற்கு மெல்லிய பருத்தி வேட்டியும் புடவையும் போதும். நம் காவடிக்கென்றே இருக்கிற அந்தப் பளீர் ரோஜா நிறமும் லினனில் அவ்வளவு எடுப்பாக வராது. ஆளி நார் சாயத்தைப் பருத்தி அளவுக்கு எளிதாக ஏற்பதில்லை. லினனுக்கு அழகு மண் நிறம், சாம்பல், மங்கிய பச்சை, நீலம். ஏப்ரலில் வருஷப் பிறப்புக்கு லினன் புடவை கட்டுங்கள், அது வேறு விஷயம். முதல் இரண்டு தடவை கொசுவம் அடங்காமல் புடைத்து நிற்கும். நான்கைந்து துவையலுக்குப் பிறகு சொன்னபடி கேட்கும். துவைக்கத் துவைக்க மெதுவாகிற துணி அது. புதுசில் சொரசொரக்கிறது என்று மூட்டை கட்டி வைத்துவிடாதீர்கள்.

வாங்கும்போது

இங்கே லேபிள் பிரெஞ்சில் இருக்கும், அதைக் கவனமாகப் படிக்க வேண்டும். நூறு சதவீதம் 'லேன்' என்று இருந்தால் முழு லினன். 'எஃபே லேன்' அல்லது 'அஸ்பே லேன்' என்று இருந்தால் லினன் மாதிரித் தோற்றம் என்றுதான் அர்த்தம், உள்ளே ஒரு இழைகூட லினன் இருக்க வேண்டியதில்லை. நானே ஒரு சந்தையில் அவசரத்தில் 'லேன்' என்ற சொல்லை மட்டும் பார்த்துவிட்டுக் கால்சட்டை வாங்கினேன். நெசவு, நிறம், அங்கங்கே தடித்த நூல் எல்லாம் லினன் போலவே இருந்தது. போட்டுக்கொண்டு போர்ட் லூயிஸ் போன அன்று தொடை முழுக்க வேர்க்குரு. வீட்டுக்கு வந்து உள்பக்கத் தையலில் இருந்த சின்ன லேபிளைப் பார்த்தால் பாலியெஸ்டர்.

சந்தேகம் இருந்தால் உள்மடிப்பிலிருந்து ஒரு நூலை உருவிச் சமையலறைத் தொட்டிக்கு மேலே பிடித்து நெருப்பு வையுங்கள். குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. லினன் காகிதம் போல எரிந்து, காகிதம் எரிகிற வாசனை வந்து, ஊதினால் பறக்கிற சாம்பலாகும். பாலியெஸ்டர் சுருங்கி உருகி, முனையில் கெட்டியான மணி நிற்கும். பருத்தியும் லினன் போலவே எரியும் என்பதால் அந்த இரண்டையும் இதைக் கொண்டு பிரிக்க முடியாது. அதற்குக் கைதான் வேண்டும். லினன் தொட்டதும் கொஞ்சம் சில்லென்று இருக்கும், நூலில் சீரில்லாத தடிப்புகள் தெரியும், உள்ளங்கையில் கசக்கி விட்டால் கோடு கூர்மையாக நிற்கும்.

லினனும் பருத்தியும் பாதிப்பாதி கலந்த துணியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். விலை குறைவு, கசங்கலும் குறைவு, குளிர்ச்சி ஓரளவு இருக்கும். முதல் தடவை வாங்குகிறவர்கள் அதிலிருந்து தொடங்கலாம். எடையைப் பொறுத்தவரை சட்டைக்குச் சதுர மீட்டருக்கு 120 முதல் 150 கிராம் வரை உள்ள துணி சரியாக இருக்கும், கால்சட்டைக்கு 180 கிராமுக்கு மேல் வேண்டும்.

துணியாக எடுத்துத் தைக்கக் கொடுப்பவர்கள் அதை முதலில் தண்ணீரில் ஊறப் போட்டு, காய வைத்துக் கொடுக்கும்படி தையற்காரரிடம் சொல்லுங்கள். லினன் முதல் துவையலில் மீட்டருக்கு நான்கைந்து சென்டிமீட்டர்கூடச் சுருங்கும். வேலை பழகிய புதிதில் நான் அப்படிச் செய்யாமல் ஒரு அக்காவுக்குக் குர்த்தா தைத்துக் கொடுத்தேன். அவர் ஒரு தடவை துவைத்துவிட்டுக் கொண்டுவந்து காட்டினார், கை மணிக்கட்டுக்கு மேலே ஏறியிருந்தது. வேறு துணி எடுத்து இலவசமாகத் தைத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து என் கடையில் லினன் வாளிக்குப் போகாமல் கத்தரிக்குப் போவதில்லை.

வாட்ஸப்பில் லினனைப் பற்றி ஒரு செய்தி அடிக்கடி வருகிறது. லினனுக்கு 5,000 ஹெர்ட்ஸ் அதிர்வு இருக்கிறதாம், அது நோயைக் குணமாக்குமாம். எந்தத் துணிக்கும் அப்படிக் குணமாக்குகிற அதிர்வு கிடையாது. நோய் உள்ளவர்கள் இதை நம்பி மருந்தை விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே சொல்கிறேன். லினன் கிருமியைக் கொல்லும் என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். சீக்கிரம் காய்வதால் நாற்றம் குறைவாக இருக்கலாம், அவ்வளவுதான். வெயிலிலிருந்து காக்கும் என்பதும் துணியைப் பொறுத்தது. இடைவெளி விட்டு நெய்த மெல்லிய வெள்ளை லினன் வழியாகப் புற ஊதாக் கதிர் நன்றாகவே நுழையும். கடலுக்குப் போகும் நாளில் நெருக்கமாக நெய்த, நிறம் போட்ட துணி நல்லது.

துவைப்பதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. மிதமான தண்ணீர், சாதாரணச் சோப்பு போதும். குளோரின் போட்டு வெளுக்க வேண்டாம், நார் பலவீனமாகும். முறுக்கிப் பிழியாதீர்கள், பிழிந்த கோடு போகவே போகாது. மெஷினில் போட்டால் சுழற்சியைக் குறைத்து வையுங்கள். நிறம் உள்ளவற்றை நிழலிலும் வெள்ளையை வெயிலிலும் காய வைக்கலாம்.

வலுவான துணி என்றாலும் லினனுக்குப் பலவீனமான இடம் ஒன்று உண்டு. ஒரே கோட்டில் திரும்பத் திரும்ப மடிந்தால் அந்தக் கோட்டிலேயே நார் ஒடியும். கால்சட்டைக்குக் கத்தி மாதிரி மடிப்பு வைத்து ஒவ்வொரு வாரமும் அதே இடத்தில் தேய்த்தால் நாலைந்து வருஷத்தில் அங்கே கீறல் விழும். புடவையையும் வேட்டியையும் அடுக்கும்போது மாதத்துக்கு ஒரு தடவை மடிப்பை மாற்றிப் போடுங்கள். சட்டையில் முதலில் போவது காலர்தான், கழுத்தைச் சுற்றி மடிகிற அந்த விளிம்பு. மற்ற இடமெல்லாம் நன்றாக இருக்கும்போது காலர் மட்டும் நைந்தால் சட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். காலரின் தையலைப் பிரித்து, நைந்த பக்கம் அடியில் போகும்படி திருப்பி வைத்து மறுபடி தைக்கலாம். அரைமணி நேர வேலை. என்னிடம் இப்படிக் காலர் திருப்பிய ஒரு சாம்பல் நிற லினன் சட்டை இருக்கிறது. பதினோரு வருஷமாகப் போடுகிறேன், இப்போதுதான் அது கைக்கு மெத்தென்று ஆகியிருக்கிறது.